நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இந்த அசதி?

"ராத்திரி பத்து மணிக்கே படுத்துட்டான். காலையிலே எட்டு மணிக்கு எழுப்பினா, 'இன்னும் கொஞ்ச நேரம்மா'ங்கறான். இருபத்து மூணு வயசுப் பிள்ளைக்கு இப்படி ஒரு அசதியா?"

இப்படி அங்கலாய்க்காத தாய்மார்கள் இன்று குறைவு. பிள்ளையாக இருந்தால் அம்மாவின் கவலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத கணவனாக இருந்தால் மனைவியின் கவலை. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் சாய்ந்துவிடுகிறார். கேட்டால், "ஒண்ணும் இல்லே, டயர்டா இருக்கு" என்ற ஒரே பதில். முதலில் கேலி செய்கிறோம். பிறகு கோபம் வருகிறது. "உங்கப்பா இந்த வயசிலே தினம் பத்து மைல் சைக்கிள் மிதிச்சார்" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

ஒன்று கவனித்தீர்களா? வீட்டில் ஒரு பெண் அசதி என்று சொன்னால், "ரத்த சோகையா இருக்கும், தைராய்டு பாரு" என்று நாலு பேர் யோசனை சொல்கிறார்கள். அதையே ஒரு வாலிபப் பிள்ளை சொன்னால் அவனுக்குக் கிடைப்பது 'சோம்பேறி' என்ற பட்டம்தான். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. மருந்தால் எளிதாகச் சரியாகக் கூடிய கோளாறு மாசக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், மறைந்தே கிடக்கிறது.

சோம்பலா, அசதியா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சோம்பல் உள்ளவனுக்குப் பிடிக்காத வேலை வரும்போதுதான் உடம்பு வலிக்கும். நண்பன் வந்து கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால் பறந்துவிடுவான். உண்மையான அசதி உள்ளவனோ பிடித்த விஷயத்தையும் விட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இப்போது படுக்கையை விட்டு எழவில்லை என்றால், அதைக் குணக்கேடு என்று ஒதுக்காதீர்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடை காரணமில்லாமல் கூடுகிறது அல்லது குறைகிறது. இப்படி மூன்று நாலு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

ஹார்மோனுக்கு முன்னால்...

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் "ஹார்மோன் கோளாறா இருக்குமோ?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. இருக்கலாம்தான். ஆனால் அசதிக்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் பல உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

முதலாவது தூக்கம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்தாரே தவிர, போர்வைக்குள் செல்ஃபோன் எத்தனை மணி வரை எரிந்தது என்பதைப் பாருங்கள். ராத்திரி ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குப் பகல் தூக்கம் ஈடாவதில்லை. பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்றது போலாகித் திணறி எழுகிறாரா? அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி. பக்கத்தில் படுக்கும் மனைவிதான் இதை முதலில் கவனிக்க முடியும். டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

இரண்டாவது ரத்த சோகை. இது பெண்களுக்கு மட்டும் வருவதல்ல. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் நாலில் ஒருவருக்கு ரத்த சோகை இருந்தது! ஆண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்திருந்தால் டானிக் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாதவிலக்கு இல்லாத ஆணுக்கு ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மூல நோய், வயிற்றுப் புண், கொக்கிப்புழு என்று ஏதாவது ஒன்று பின்னால் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது சர்க்கரை. அசதியோடு தண்ணீர் தாகம் அதிகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். வாலிப வயதில் வரும் நீரிழிவு வேகமாக முற்றக் கூடியது.

சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு இருந்தால் காச நோய்ப் பரிசோதனை. டெங்கு, மஞ்சள் காமாலை, கோவிட் போன்ற காய்ச்சல் வந்து போனவர்களுக்கு அசதி வாரக் கணக்கில் நீடிப்பதும் உண்டு.

கடைசியாக மனசு. வேலை கிடைக்காத ஏக்கம், கடன், சொல்ல முடியாத துக்கம் இவையெல்லாம் உடம்பைத்தான் முதலில் படுக்க வைக்கும். "எதிலும் பிடிப்பே இல்லே", "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அலட்சியம் வேண்டாம், தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

துளி அளவு, பெரிய வேலை

இவையெல்லாம் இல்லை என்றால் அடுத்தது ஹார்மோன்கள். நாளமில்லாச் சுரப்பிகள் நேரே ரத்தத்தில் கலக்கவிடும் ரசாயனங்களுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். அளவு மிகக் கொஞ்சம். வேலையோ மிகப் பெரிசு. குழம்புக்கு உப்பு மாதிரி. கூடினாலும் ருசி கெடும், குறைந்தாலும் கெடும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மற்ற பல சுரப்பிகளை மேற்பார்வை செய்கிறது. ஒரு வாலிபனின் அசதிக்கு முக்கியமாக மூன்று இடங்களைப் பார்ப்பார்கள்: கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல், ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விதைகள்.

தைராய்டு: பெண்களுக்கு மட்டுமா?

தைராய்டு குறைவு பெண்களுக்கு அதிகம் என்பது சரி. ஆண்களுக்கு வரவே வராது என்று நினைப்பது தப்பு. அசதியோடு எடை கூடுவது, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மற்றவர்கள் மின்விசிறி போடும்போது இவருக்கு மட்டும் குளிர்வது இவையெல்லாம் அடையாளங்கள். நேர்மாறாகத் தைராய்டு கூடிவிட்டால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடைக் குறைவு வரும். அதிலும் அசதி உண்டு.

இதற்கு வைத்தியம் கிடைத்த கதை ருசிகரமானது. 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு அடியோடு குறைந்துபோன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். எழுந்து நடமாடவே சிரமப்பட்ட அந்தப் பெண்மணி தேறினார். தொடர்ந்து அந்த மருந்திலேயே 74 வயது வரை வாழ்ந்தார்! இன்றைக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். தினம் ஒரு சின்ன மாத்திரை போதும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காப்பி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

ஒரு ஜனாதிபதியின் அசதி

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் காய்ந்த பொலிவான நிறம், சிரித்த முகம். 1947ல், 30 வயதில், அவர் லண்டனில் மயங்கி விழும் நிலைக்கு வந்தபோதுதான் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்: அடிசன் வியாதி. அட்ரினல் சுரப்பிகள் வேலை செய்யாமல் போவதற்கு அந்தப் பெயர். 1855ல் இதை முதன்முதலில் விவரித்தவர் தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய டாக்டர். கென்னடியின் வியாதியை வெளியே சொல்லவில்லை. போரில் வந்த மலேரியா என்றே சொல்லப்பட்டது. அவருடைய சகோதரி ஒருவருக்கும் இதே வியாதி இருந்தது. கார்ட்டிஸோன் மருந்தின் தயவில்தான் அவர் 1961ல் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார முடிந்தது.

இது அபூர்வமான வியாதி. ஆனால் தெரியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. காச நோய் அட்ரினலையும் தாக்கும் என்பதால் நம் நாட்டில் மறந்துவிடக் கூடாது. இதன் அடையாளங்களை நாம் வீட்டிலேயே கவனிக்கலாம்: தோல் கருத்துக்கொண்டே போவது - முக்கியமாகக் கைரேகைகள், விரல் முட்டிகள், ஈறுகள், உப்பு, ஊறுகாய் மேல் தீராத ஆசை, எழுந்து நின்றால் தலைசுற்றல், எடைக் குறைவு, குமட்டல். "வெயில்லே அலையறான், கறுத்துப் போயிட்டான்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்! இந்த அடையாளங்களோடு வாந்தி, வயிற்று வலி, மயக்கம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டு வலிக்கோ, ஆஸ்துமாவுக்கோ, 'உடம்பு தேற' என்றோ பெயர் தெரியாத மாத்திரை, பொடி, லேகியம் மாசக் கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சாப்பிடும்போது முகம் பூரித்து, பசி எடுத்து, நன்றாக இருப்பது போல் தோன்றும். ஆனால் உடம்பின் சொந்த அட்ரினல் தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் படுத்த படுக்கைதான். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல், டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் முறையில்தான் குறைக்க வேண்டும்.

'அட்ரினல் களைத்துவிட்டது' என்று சொல்லி விலை உயர்ந்த மாத்திரைகள் விற்கிறார்கள். அப்படி ஒரு வியாதியை ஹார்மோன் நிபுணர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அடிசன் வியாதி வேறு, இந்தப் பேச்சு வேறு.

சொல்லக் கூசும் விஷயம்

மூன்றாவது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். இந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அப்பா பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வார். பிள்ளையோ, "ஆண்மைக்கே குறை வந்திடுச்சுன்னு நினைப்பாங்களோ" என்று உள்ளுக்குள்ளேயே வெந்து போவான். தைராய்டு குறைவில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு? இரண்டும் சுரப்பி செய்யும் தகராறுதான்.

அசதி மட்டுமே இருந்தால் இந்த ஹார்மோனைச் சந்தேகிப்பது அவசரம். அதோடு, முன்பு தினம் ஷேவ் செய்தவருக்கு இப்போது வாரம் ஒரு முறை போதும் என்றாவது, தசை மெலிவது, மார்பு பெண்களுக்குப் போல் வீங்குவது, தாம்பத்திய நாட்டம் குறைவது இவையும் சேர்ந்திருந்தால் பரிசோதிக்க வேண்டும். (பன்னிரண்டு முதல் பதினாறு வயதுப் பையன்களுக்கு மார்பு லேசாக வீங்குவது சகஜம். பெரும்பாலும் ஓரிரண்டு வருஷத்தில் தானே வற்றிவிடும். பயப்படாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள்.)

காரணங்கள் பல. வயசு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதைகளைத் தாக்கியிருக்கலாம். பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கலாம். அதில் தலைவலியும் பக்கப் பார்வை குறைவதும் சேர்ந்து வரும். அந்தக் கட்டிகளில் ஒரு வகை மாத்திரையாலேயே சுருங்கிவிடும். பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. பலருக்கு, கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று பரிசோதிக்கும்போதுதான் அது தெரியவே வருகிறது. உடல் பருமனும் இந்த ஹார்மோனைக் குறைக்கும். எடையைக் குறைத்தால் தானே ஏறும். உடற்பயிற்சி நிலையத்தில் 'மசில் ஏற' என்று ஊசி போட்டுக்கொண்டு பிறகு நிறுத்தியவர்களுக்கும் மாசக் கணக்கில் இந்தக் குறைவு வரும்.

ஊசி போட்டால் தீர்ந்ததா?

இங்கேதான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். "டெஸ்டோஸ்டிரோன் குறைவுதானே? ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையான குறைவு உள்ளவருக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், "இனி நாம் சுரக்கச் சொல்ல வேண்டாம்" என்று பிட்யூட்டரி ஓய்ந்துவிடும். விதைகளில் உயிரணு உற்பத்தி குறைந்து, நின்றே கூடப் போகலாம். ஊசியை நிறுத்தினால் பழைய நிலை திரும்பப் பல மாசம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும்.

யோசித்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமான தம்பதி. கணவர் அசதிக்காக ஊசி போட்டுக்கொள்கிறார். உற்சாகம் வருகிறது, குழந்தை மட்டும் வரவில்லை. மாமியார் மருமகளைத்தான் கோயில் கோயிலாக அனுப்புவார். டாக்டர் டாக்டராக அழைத்துப் போவார். அந்தப் பெண் படும் பாடு நமக்குத் தெரியாததா? ஆகவே, "நாங்க குழந்தைக்கு ஆசைப்படறோம் டாக்டர்" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விதைகளையே தூண்டிவிடும் வேறு மருந்துகள் பலருக்குப் பயன்படும். எதைக் கொடுப்பது என்பதை ஹார்மோன் நிபுணர் தீர்மானிப்பார்.

டெஸ்ட் எடுக்கப் போகும்போது

முதலில் குடும்ப டாக்டர். அவர் உடம்பைத் தொட்டுப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்த பிறகு, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், தேவையானால் பி12 என்று எழுதுவார். பாதிப் பேருடைய கதை இதிலேயே விளங்கிவிடலாம்.

டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். ஆகவே காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் தப்பாகக் காட்டும். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிஸால் பரிசோதனையும் காலை எட்டு மணி சுமாருக்குத்தான். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனையைக் குழப்பும். சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போகுமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தூங்கிய நேரம், எடை, எப்போது அசதி அதிகம், என்னென்ன மாத்திரை. டாக்டர் அறைக்குள் அவரைத் தனியாகப் பேச விடுங்கள். அம்மா எதிரே எந்தப் பிள்ளையும் முழுவதும் சொல்ல மாட்டான்.

நம் அடுப்படியில்

முருங்கைக்கீரை, பயறு வகை, அசைவக்காரர்களுக்கு ஈரல் இவை இரும்புச்சத்துக்கு நல்லவை. கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காப்பி, டீ குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். பி12 சத்து கீரையில் இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சைவக்காரப் பிள்ளை பாலையும் தயிரையும் ஒதுக்கினால் குறைவு வந்தே தீரும். காலை டிபனை விட்டுவிட்டு ஓடுவதை நிறுத்துங்கள். எந்த உணவும் டெஸ்டோஸ்டிரோனைச் சட்டென்று ஏற்றிவிடாது; அப்படி விற்கும் பொடிகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கைக்குழந்தையின் தாய்மார்களுக்கு

ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது விதைகள் இரண்டும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாசம் ஆகியும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறு அறுவையை ஒன்றரை வயதுக்குள் முடிப்பது நல்லது. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் எம்.எம்.ஆர். தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். பதினாலு வயதாகியும் பையனுக்குப் பருவ மாற்றம் எதுவுமே தெரியவில்லை என்றால், "எங்க வீட்டிலே எல்லாரும் லேட்டுதான்" என்று விட்டுவிடாமல் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது?

"உனக்கு என்ன குறைச்சல்?", "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" இந்த இரண்டையும் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஹார்மோன் குறைவுக்குக் கல்யாணம் மருந்தல்ல. அப்படிச் செய்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கஷ்டப்படுவாள். சொந்தக்காரர்களிடம் பரிசோதனை முடிவைப் பரப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்குப் பதில், சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகக் கேளுங்கள்: "முன்னே மாதிரி இல்லியேப்பா நீ... உடம்புக்கு என்ன பண்றது? சனிக்கிழமை டாக்டர்கிட்டே போயிட்டு வரலாமா?" மனைவியாக இருந்தால், "நீங்க சோம்பேறி இல்லேன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம், நானும் வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனையோ நாளாக இதைக் கேட்க ஒருவர் வர மாட்டாரா என்றுகூட அவர் காத்திருக்கலாம்.